இணைந்த கட்டங்களும் நெடுவரிசை அகலமும்: எக்ஸ்எஸ்எல்டி கணக்கு

ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் ஒரே அட்டவணையில் வரும் அறிவிப்புகள் சிங்கப்பூரில் சகஜம். அவற்றை எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்ற பக்க வடிவமைப்பு மொழி வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால், நெடுவரிசை அகலத்தை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் மொழி) கொண்டு நாமே கணக்கிட வேண்டும். பிடிஎஃப் ஆக்கித் தரும் அப்பாச்சி எஃப்ஓபி மென்பொருள் தானாக அகலம் பார்க்கும் ஆட்டோ முறையை ஆதரிப்பதில்லை. சமமாகப் பங்கிட்டால் முதலில் நெரிபடுவது தமிழ்தான்.

ஒவ்வொரு கட்டமும் எந்த நெடுவரிசையில் தொடங்குகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. இடப்பக்கக் கட்டங்களின் கால்ஸ்பானை, அதாவது ஒரு கட்டம் எத்தனை நெடுவரிசைகளை அடைக்கிறது என்று சொல்லும் பண்புக்கூறை, கூட்டும்போது அந்தப் பண்புக்கூறே இல்லாத கட்டத்தை 1 என்று எடுக்க வேண்டும். பண்புக்கூறை மறக்காமல் எண்ணாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால், ஆவணத்தில் இடம் சுட்டும் பாதையின் கடைசிப் படியில் நோடும் (ஆவணத்தின் ஒரு கூறு) எண்ணும் கலந்து, எக்ஸ்எஸ்எல்டி பயன்படுத்தும் தேடல் மொழியான எக்ஸ்பாத் 2.0 பிழை காட்டும், அதுவும் சில அட்டவணைகளில் மட்டும். மேலிருந்து இறங்கும் ரோஸ்பானும் (பல வரிசைகளை அடைக்கும் கட்டம்) இடம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு நெடுவரிசையும் இன்னும் எத்தனை வரிசைக்கு மூடியிருக்கிறது என்ற எண்தொடரை அடுத்த வரிசைக்குக் கடத்துங்கள். எக்ஸ்எஸ்எல்டி மாறியின் மதிப்பை மாற்ற முடியாத மொழி; ஆகவே இப்படிக் கடத்த 3.0 பதிப்பில் இட்டரேட் என்ற சுழற்சிக் கட்டளை, 2.0இல் தன்னையே அழைக்கும் டெம்ப்ளேட் (விதித்தொகுப்பு).

பிறகு, இணையாத கட்டங்களை மட்டும் வைத்து ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதிகபட்ச அகலம் எடுங்கள். இணைந்தவற்றை அதன்பின், சிறிய கால்ஸ்பானிலிருந்து ஏறுவரிசையில் பாருங்கள். 20, 40 மி.மீ. நெடுவரிசைகள் மேல் 75 மி.மீ. கேட்கும் தலைப்பு இருந்தால் பற்றாக்குறை 15; விகிதப்படி 5, 10 கூட்டினால் 25, 50. பெரிய இணைப்பை முதலில் எடுத்தால் தேவையில்லாத நெடுவரிசையும் வீங்கி, பின்னால் வரும் சிறிய இணைப்பு அட்டவணையை இன்னும் அகட்டும். அடியிலுள்ள நெடுவரிசைகளின் அகலக் கூட்டுத்தொகை பூஜ்யமானால் பற்றாக்குறையைச் சமமாகப் பிரியுங்கள், இல்லையேல் பூஜ்யத்தால் வகுப்பீர்கள்.

அகலத்தை மதிப்பிட, எழுத்துகளை எண்ணும் ஸ்ட்ரிங்-லெங்த் செயற்கூற்றைத் தமிழுக்கு அப்படியே நம்பக் கூடாது. புள்ளியையும் அது ஓர் எழுத்தாக எண்ணும்: ‘அம்மா’ ஐந்து. துணைக்கால் அகலம் எடுக்கும், புள்ளி எடுக்காது; ஆகவே புள்ளியை மட்டும் டிரான்ஸ்லேட் செயற்கூறால் நீக்கிவிட்டு எண்ணுவது நல்ல தோராயம். சீன எழுத்துக்கு ஓர் எம் (எழுத்துருவின் அளவுக்குச் சமமான நீளம்) அகலம் வையுங்கள்.

ஏ4 தாளில் இருபுறமும் 20 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 170. கணக்கு அதைத் தாண்டினால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்காதீர்கள். நெடுவரிசையின் மிக நீளமான சொல்லே அதன் குறைந்தபட்ச அகலம். அதற்கு மேலுள்ளதை மட்டும் சுருக்குங்கள். முழுமையாக்கலில் எஞ்சும் பின்னத்தைக் கடைசி நெடுவரிசையில் சேர்த்துவிடலாம்.