டிம்மர் மாத்தறப்ப வயர் குழப்பம்

டிம்மர், அதாவது பல்பு வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற சுவிட்சை மாத்தலாம்னு கோயமுத்தூர், ஈரோடு பக்கம் பழைய வீட்டு போர்டைக் கழட்டுனா, சிவப்புன்னா பேஸ் (கரண்ட் வர்ற வயர்), கருப்புன்னா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்)ங்கற கணக்கெல்லாம் பாக்க முடியாதுங்க. பல எடத்துல எல்லாம் ஒரே நிறத்துல கெடக்கும். அதனால நிறத்தை நம்பாதீங்க.

எம்சிபியை (மெயின் போர்டுல கரண்டைக் கட் பண்ற சுவிட்சு) ஆப் பண்ணி, டெஸ்டர் (கரண்ட் இருந்தா லைட் எரியற ஸ்குரூடிரைவர்) வெச்சு கரண்ட் இல்லைனு பாத்துட்டு, எந்த வயர் எந்த ஸ்குரூவுலனு போட்டோ எடுத்துக்குங்க. சாதா டிம்மருக்கு ரெண்டே முனைதான்: ஒண்ணுல பேஸ் வரும், இன்னொண்ணு பல்புக்குப் போகும். நியூட்ரலுக்கு அங்க வேலையே இல்லை. தெரியாம அதை மாட்டி ஆன் பண்ணுனா ஷார்ட் ஆகி புது டிம்மர் அப்பவே போயிரும்.

ஒரே ஸ்குரூவுல ரெண்டு வயர் இருந்தா அது பெரும்பாலும் அடுத்த சுவிட்சுக்கு பேஸைக் கொண்டு போற லூப். அதைப் பிரிச்சு உட்டா "பேன் ஓடலைங்க"னு அடுத்த பஞ்சாயத்து வரும். முறுக்குனபடியே ஒண்ணா மாட்டுங்க.

சந்தேகமா இருந்தா வயர்களைத் தனித்தனியா விலக்கி வெச்சு, எம்சிபியை ஆன் பண்ணி, வயரோட செம்புக் கம்பியில கை படாம டெஸ்டர் முனையை மட்டும் வைங்க. டெஸ்டர் லைட் எரியற வயர்தான் பேஸ். பல்பைக் கழட்டுனதும் அந்த வெளிச்சம் அணைஞ்சா, சுவிட்சு நியூட்ரல்ல போட்டிருக்குதுனு அர்த்தம். அதை எலக்ட்ரீசியன் வந்துதான் சரி பண்ணோணும். மறுபடி எம்சிபியை ஆப் பண்ணிட்டுத்தான் ஸ்குரூவைத் தொடோணும்.

மாடிப்படி லைட்டுன்னா மூணு வயர் இருக்கும், அது மேலயும் கீழயும் ரெண்டு எடத்துல இருந்து போட்டு அணைக்கற டூவே சுவிட்சு. சாதா டிம்மர் அங்க ஆகாது.

இத்தனைக்கப்புறமும் லைட் மினுக்குனா பல்பு அட்டையைப் பாருங்க. டிம் ஆகும்னு போடாத எல்இடி பல்பு மினுக்கத்தான் செய்யும். வயரைக் குத்தஞ் சொல்லாதீங்க.