திரியெஸ்தே நாட்குறிப்பு: பட்டா யார் பேரில்?

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் துறைமுக ஊர் திரியெஸ்தே. இங்குள்ள மிராமரே கோட்டையைச் சுற்றிக்காட்டுபவர்கள் எல்லாரும் மாக்சிமிலியன் கதையைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரிய இளவரசர், கடலோரம் ஆசை ஆசையாகக் கட்டினார், மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போனார், 1867இல் அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் எனக்குப் பிடித்தது கோட்டையின் பிற்காலம். 1945 மே மாதம் நியூசிலாந்துத் தளபதி ஃப்ரைபெர்க் இங்கே வந்து முகாம் போட்டார். பிறகு 1954 வரை அமெரிக்கப் படையின் தலைமையகம் இதுதான். இத்தாலியின் ஊரில் அமெரிக்கப் படைக்கு அத்தனை வருடம் என்ன வேலை?

ஏனென்றால் அப்போது இது இத்தாலியின் ஊரா, யூகோஸ்லாவியாவின் ஊரா என்பதே வழக்கில் இருந்தது.

மகன் வேலை பார்க்கும் இயற்பியல் மையம் கோட்டைக்குப் பக்கத்தில்தான், 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கியது. அவனும் மருமகளும் காலையில் கிளம்பிவிட்டால் வீட்டில் நான் மட்டும். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவனுக்கு எல்லைத் தகராறு என்றால் கை சும்மா இருக்குமா? நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்களாகக் கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

வழக்கின் சுருக்கம். 1382 முதல் ஆஸ்திரியாவிடம் இருந்த துறைமுகம். முதல் உலகப் போர் முடிந்ததும் இத்தாலிக்கு வந்தது. ஊருக்குள் பெரும்பாலும் இத்தாலியர். நாலு மைல் மேலே ஏறினால் கார்ஸ்ட் மேட்டுக் கிராமங்கள், அங்கே ஸ்லோவேனியர், பக்கத்து யூகோஸ்லாவியாவின் மக்களில் ஓர் இனத்தார். முசோலினி காலத்தில் ஸ்லோவேனியப் பள்ளிகளை மூடினார்கள், குடும்பப் பெயர்களைக்கூட இத்தாலியமாக மாற்றினார்கள். அதற்கும் முன்பே, 1920 ஜூலை 13 அன்று, ஸ்லோவேனியர்களின் நரோத்னி தோம் என்னும் மாளிகையைப் பாசிஸ்டுகள் கொளுத்தினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் ரயிலடிக்கு அருகில் நிற்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் தீர்த்துக்கொள்ள 1945 மே 1 அன்று யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் படை ஊருக்குள் புகுந்தது. மறுநாள் நியூசிலாந்துப் படை வந்து சேர்ந்தது. ஒரு நாள் வித்தியாசம்! ஜெர்மானியர்கள் சரணடைந்தது நியூசிலாந்துக்காரர்களிடம். ஆனாலும் நாற்பது நாள் ஊரை ஆண்டது யூகோஸ்லாவியர்கள். அந்த நாட்களில் கைதானவர்களில் பலர் திரும்பவேயில்லை. சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் உடல்களைத் தள்ளினார்கள். அது பற்றி இங்கே பேச்செடுத்தால் இன்றும் குரல் மாறுகிறது. 1920இல் தொடங்குகிறவர் ஒருவர், 1945இல் தொடங்குகிறவர் இன்னொருவர். எங்கள் தாலுகாவில் வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு வருடத்து அடங்கலை, அதாவது நிலம் யார் அனுபோகத்தில் என்ற கணக்கை, தூக்கிக்கொண்டு வருவார்களே, அதே முகம்.

ஜூன் 9 அன்று பெல்கிரேடில் ஒப்பந்தம். பிரிட்டிஷ் ஜெனரல் மோர்கன் ஒரு கோடு போட்டார். மேற்கே ஏ மண்டலம், ஆங்கில–அமெரிக்க ராணுவ நிர்வாகம். கிழக்கே பி மண்டலம், யூகோஸ்லாவிய நிர்வாகம். எல்லாம் தற்காலிகம் என்றார்கள்.

செப்டம்பர் 28, சனி

இன்று முழுக்க மக்கள்தொகைக் கணக்கிலேயே மூழ்கிவிட்டேன். 1910இல் ஆஸ்திரியா எடுத்த கணக்கு. முதலில் நகராட்சி ஆட்கள் எடுத்தார்கள், அவர்கள் இத்தாலியர்கள். ஸ்லோவேனியர்கள் ஆட்சேபித்ததும் மேலதிகாரிகள் மறுபடி எண்ணினார்கள். சுமார் 36 ஆயிரமாக இருந்த ஸ்லோவேனியர் தொகை ஏறக்குறைய 57 ஆயிரமாக ஏறியது! திருத்திய கணக்கில் இத்தாலியர் பாதிக்குச் சற்று மேல், ஸ்லோவேனியர் நாலில் ஒரு பங்கு. எண்ணுகிறவர் யார் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை. யாரும் ஆச்சரியப்பட வேண்டாம், கிராம நிர்வாக அலுவலர் கையில் குறிப்பேட்டைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1945 செப்டம்பரில் லண்டனில் கூடிய வல்லரசுகளின் வெளியுறவு அமைச்சர்கள் "மொழிவாரியாகக் கோடு போடுவோம், நிபுணர்களை அனுப்பிப் பார்ப்போம்" என்று முடிவெடுத்தார்கள். 1946 வசந்தத்தில் குழு வந்தது. போன ஊரிலெல்லாம் கொடி, கோஷம், சுவரெழுத்து. ஒரே நிலத்தைப் பார்த்துவிட்டுப் போன நிபுணர்கள் நாலு கோடுகளோடு திரும்பினார்கள். சோவியத் கோடு திரியெஸ்தேயையும் தாண்டி மேற்கே போய் எல்லாவற்றையும் யூகோஸ்லாவியாவுக்குக் கொடுத்தது. அமெரிக்கக் கோடு, திரியெஸ்தேக்குத் தெற்கே உள்ள இஸ்த்ரியா தீபகற்பத்தின் மேற்குக் கரையை, பூலா நகரம் உட்பட, இத்தாலிக்கு விட்டது. பிரிட்டிஷ் கோடு அதற்குக் கொஞ்சம் மேற்கே. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் வேறு யோசனை செய்தார்கள்: இந்தப் பக்கம் எத்தனை ஸ்லாவியர் (ஸ்லோவேனியர், குரோஷியர்) மாட்டிக்கொள்கிறார்களோ, கிட்டத்தட்ட அத்தனை இத்தாலியர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். அநியாயத்தைச் சரிபாதியாகப் பங்கு போடும் கோடு. கடைசியில் அதுதான் எடுபட்டது.

நகரம் யாருக்கு என்பது அப்படியும் தீரவில்லை. நகரம் தன்னைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தோடு சேர்ந்தது என்றார் யூகோஸ்லாவியாவின் கார்தேல். நகரத்தில் பெரும்பான்மை இத்தாலியர்தானே என்றது இத்தாலி. 1946 ஜூலை தொடக்கத்தில் பாரிஸில் பிரான்ஸின் பிதோ, சோவியத்தின் மொலட்டோவ், அமெரிக்காவின் பைர்ன்ஸ், பிரிட்டனின் பெவின் நாலு வெளியுறவு அமைச்சர்களும் சேர்ந்து, உங்களுக்கும் வேண்டாம் அவர்களுக்கும் வேண்டாம் என்று திரியெஸ்தேயைத் தனி நாடாக்கத் தீர்மானித்தார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

பாரிஸ் மாநாடு. லக்சம்பர்க் மாளிகை, 21 நாடுகள், 1946 ஜூலை 29 முதல் அக்டோபர் 15 வரை. தோற்ற நாடான இத்தாலிக்கு மேசையில் இடமில்லை. கூப்பிடும்போது வந்து பேசிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தெ காஸ்பெரி வந்தார். உங்கள் தனிப்பட்ட மரியாதையைத் தவிர இங்கே எல்லாமே எனக்கு எதிராக இருப்பதை உணர்கிறேன் என்று தொடங்கினார். பேசி முடித்ததும் சபையில் ஒரு சத்தமில்லை. வெளியே போகும்போது அமெரிக்காவின் பைர்ன்ஸ் மட்டும் எழுந்து கை கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், தெ காஸ்பெரியே எல்லைப்புறத்து ஆள். ஆஸ்திரியாவின் கீழ் இருந்த திரெந்தினோவில் பிறந்து, வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தவர். எல்லை மாறினால் மனிதன் என்ன ஆவான் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாநாட்டில் இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் யார் தெரியுமா? சர் சாமுவேல் ரங்கநாதன்! நான் படித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தர். அப்போது லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்தார். 1947 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் இத்தாலியோடு கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காக அவர் கையெழுத்து இருக்கிறது. நமக்குச் சுதந்திரம் வர இன்னும் ஆறு மாதம் பாக்கி. தன் நாட்டின் இறையாண்மையே கைக்கு வராத ஒருவர், திரியெஸ்தேயின் இறையாண்மையைத் தீர்மானிக்கும் காகிதத்தில் கையொப்பமிடுகிறார். வெறும் சம்பிரதாயம் என்றும் தள்ள முடியாது. இத்தாலியில் நடந்த போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஐயாயிரத்துக்கும் மேல்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "அப்பா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே புத்தகம் தேடித் தந்திருப்பேனே" என்றான் மகன். மருமகளுக்கு வேறு சந்தேகம்: "அவர் இந்த ஊருக்கு வந்து பார்த்தாரா மாமா?" தகவல் எதுவும் கண்ணில் படவில்லை என்றேன்.

அதே பிப்ரவரி 10 அன்று பூலாவில் மரியா பாஸ்க்வினெல்லி என்ற இத்தாலிய ஆசிரியை, பிரிட்டிஷ் பிரிகேடியர் தெ வின்டனைச் சுட்டுக் கொன்றார். ஒப்பந்தப்படி பூலா யூகோஸ்லாவியாவுக்குப் போனது. அங்கே இருந்த சுமார் 32 ஆயிரம் பேரில் 28 ஆயிரம் பேர், தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு, 'தொஸ்கானா' என்ற கப்பலில் தவணை தவணையாக வெளியேறினார்கள். அவர்கள் விட்ட நாற்காலிகளும் அலமாரிகளும் இந்த ஊர்ப் பழைய துறைமுகக் கிடங்கில் பல ஆண்டு கிடந்தன. நாற்காலிகள் கூரை தொடும்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கால் பின்னிக் குவிந்திருக்கும் படத்தைப் பார்த்தேன். சிலவற்றில் உடையவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

திரியெஸ்தே சுதந்திரப் பிரதேசம். 738 சதுர கிலோமீட்டர். காகிதத்தில் அருமையான நாடு. ராணுவம் கூடாது. ஐ.நா. பாதுகாப்புச் சபை நியமிக்கும் ஆளுநர், ஐந்தாண்டுப் பதவி. அவர் இத்தாலியராகவோ யூகோஸ்லாவியராகவோ இந்தப் பிரதேசத்துக் குடிமகனாகவோ இருக்கக் கூடாது. சரி, ஆளைப் பிடியுங்கள் என்றால், ஏழு வருடம் ஆள் கிடைக்கவில்லை. இவர்கள் சொன்ன பெயர் அவர்களுக்கு ஆகாது, அவர்கள் சொன்னது இவர்களுக்கு ஆகாது. 1953இல்கூட சோவியத் தரப்பு ஃப்ளூக்கிகர் என்ற சுவிஸ் கர்னலின் பெயரையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆளுநர் வராததால் நாடும் வரவில்லை. தற்காலிக மண்டலங்கள் அப்படியே தொடர்ந்தன. அந்த நாடு இருந்ததற்கு அத்தாட்சி தபால்தலைகள்தான், இத்தாலியத் தபால்தலையின் மேல் ராணுவ நிர்வாகத்தின் எழுத்துகளை அச்சடித்து ஓட்டினார்கள்.

1948 மார்ச் 20 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் முழுப் பிரதேசத்தையும் இத்தாலிக்கே கொடுத்துவிடலாம் என்று அறிவித்தன. இத்தாலியில் ஏப்ரல் 18 தேர்தல், கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஜூனில் டிட்டோவும் ஸ்டாலினும் முறைத்துக்கொண்டார்கள். உடனே டிட்டோ மேற்கு நாடுகளுக்கு வேண்டியவராகிவிட்டார், மார்ச் வாக்குறுதி அலமாரிக்குப் போனது.

அக்டோபர் 5, சனி

இன்றோடு லண்டன் ஒப்பந்தத்துக்கு 70 வயது. என்னைக் கேட்டால் இந்த வழக்கில் உருப்படியாக வேலை நடந்தது அங்கேதான்.

முன்கதை மோசம். 1953 அக்டோபர் 8 அன்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 'ஏ மண்டலத்தை இத்தாலியிடம் விட்டுக் கிளம்புகிறோம்' என்றார்கள். டிட்டோ எல்லைக்குப் படை அனுப்பினார், இத்தாலியும் அனுப்பியது. நவம்பர் தொடக்கத்தில் நகரத்துக் கலவரத்தில் ஆறு பேர் செத்தார்கள்.

1954 பிப்ரவரியில் லண்டனில் ரகசியமாக உட்கார்ந்தார்கள். அமெரிக்காவின் லூவெலின் தாம்சன், பிரிட்டனின் ஜெஃப்ரி ஹாரிசன். இவர்கள் இரு தரப்பையும் ஒரே அறையில் கூட்டவில்லை. முதலில் யூகோஸ்லாவியத் தூதர் வெலபித்தோடு மட்டும் மாதக்கணக்கில் பேசி, இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு இத்தாலியின் புரோசியோவிடம் போனார்கள். பத்திரிகைக்கு ஒரு வரி கசியவில்லை. இரண்டு பங்காளிகளையும் எதிரெதிரே நிறுத்தி அளந்தால் அடிதடிதான் மிஞ்சும் என்பது சர்வேயருக்குத் தெரியும், தாம்சனுக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியில் முஜ்ஜா அருகே புந்தா சொத்தீலே என்னும் கடல்முனையில் வந்து மாட்டிக்கொண்டது. கைக்குட்டை அகலத்து நிலம்! அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் கடிதத்தோடு அவருடைய வெளியுறவு அதிகாரி ராபர்ட் மர்ஃபி பெல்கிரேடுக்குப் போனார், கோதுமை உதவியும் பேச்சில் வந்தது. முனை இத்தாலிக்கே நின்றது. பக்கத்தில் சில ஸ்லோவேனியக் கிராமங்கள் யூகோஸ்லாவியாவுக்குப் போயின.

நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒப்பந்தத்தின் வாசகத்தை. அதற்கு உடன்படிக்கை என்றே பெயர் வைக்கவில்லை, புரிந்துணர்வுக் குறிப்பு. உடன்படிக்கை என்றால் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏ மண்டலத்தில் இத்தாலியும் பி மண்டலத்தில் யூகோஸ்லாவியாவும் ராணுவ நிர்வாகத்துக்குப் பதில் தங்கள் சிவில் நிர்வாகத்தை நடத்தும் என்கிறது. நிலம் யாருடையது என்று எங்கேயும் இல்லை. அடங்கலில் அனுபோகம் பதிவாகிவிட்டது, பட்டா காலி. ரோமில் 'பி மண்டலத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை' என்று பேசலாம். பெல்கிரேடிலும் அப்படியே. சட்டம் படித்தவர்கள் இதை மழுப்பல் என்பார்கள். எனக்கு இது கெட்டிக்காரத்தனம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கடலில் பாய்மரப் பந்தயம். கரை முழுக்கத் தலைகள். புத்தகத்தைத் தொடவில்லை.

அக்டோபர் 19, சனி

கொரீத்சியாவுக்குப் போய்வந்தோம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். இதையும் வெட்டியது 1947 ஒப்பந்தம்தான். பழைய ஊர் இத்தாலிக்கு, ரயில் நிலையங்களில் ஒன்று யூகோஸ்லாவியாவுக்கு. ஊர் கிடைக்காதவர்கள் 1948இல் பக்கத்திலேயே நோவா கொரீட்சா என்று புது ஊர் கட்டிக்கொண்டார்கள். நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தின் நடுவில் எல்லை ஓடுகிறது. 2004இல் வேலியைப் பிடுங்கினார்கள். அடுத்த வருடம், 2025இல், இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்பதால் இப்போது கட்டுமான வேலை நடக்கிறது, அதற்கு ஒரு வேலி.

1947 செப்டம்பரில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட படங்கள் இருக்கின்றன. வீட்டை ஒரு பக்கமும் தோட்டத்தை இன்னொரு பக்கமும் விட்ட கோடு. மீரென் கிராமத்தில் கல்லறைத் தோட்டத்தையே வெட்டிக்கொண்டு போனது. 1970களின் நடுப்பகுதி வரை அங்கே கல்லறைகளுக்கு இடையில் வேலி நின்றது. நாங்கள் எல்லைக் கல் நடும்போது சுடுகாட்டைச் சுற்றித்தான் போவோம். இங்கே அவ்வளவு பெரிய நாலு நாடுகள் சேர்ந்து போட்ட கோட்டுக்கு அந்த நிதானம் இல்லை.

இன்னொன்று. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் காவலைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் புகுந்தார்கள். சொந்தக்காரர்களைப் பார்த்தார்கள், கடைகளில் துடைப்பம் துடைப்பமாக வாங்கிக்கொண்டு சாயங்காலம் தங்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். அங்கே துடைப்பத்துக்குப் பஞ்சமாம். இன்றும் அந்த நாளுக்குத் துடைப்ப ஞாயிறு என்றுதான் பெயர்.

அக்டோபர் 26, சனி

1954இல் இதே நாளில் கொட்டும் மழையில் இத்தாலியப் படை நகருக்குள் வந்தது. மக்கள் நனைந்துகொண்டே கட்டிப்பிடித்து அழுத படங்களைக் கடை முகப்புகளில் வைத்திருக்கிறார்கள்.

பட்டா மாற இன்னும் 21 வருடம் ஆனது. 1975 நவம்பர் 10, அன்கோனா அருகே ஒசிமோ. இருந்தபடியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள், இத்தாலிக்கு ரூமோர், யூகோஸ்லாவியாவுக்கு மினிச். பேச்சை நடத்த இத்தாலி அனுப்பியது வெளியுறவு அதிகாரியை அல்ல, தொழில்துறை அமைச்சகத்தின் கர்போனே என்பவரை. அதுவும் ரகசியம். எல்லை தாண்டி ஒரு தொழிற்பேட்டை கட்டுவதாகவும் எழுதியிருந்தார்கள். திரியெஸ்தேக்காரர்களுக்குக் கோடு, தொழிற்பேட்டை இரண்டிலும் கோபம். 65 ஆயிரம் பேர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள், 1978 நகராட்சித் தேர்தலில் எல்லாக் கட்சிகளையும் முந்த வைத்து ஓர் உள்ளூர் அமைப்பை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்பேட்டை கடைசிவரை வரவில்லை. கோடு மட்டும் நின்றது. 1945 முதல் இந்த ஊரைப் பற்றி நடந்த எந்தப் பேச்சிலும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நாற்காலி போடவில்லை. அவர்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் லண்டனில் அவர்களையும் கூட்டி உட்காரவைத்திருந்தால் குறிப்பு கையெழுத்தாகியிருக்குமா? ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பி மண்டலம் இப்போது ஸ்லோவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் நடுவே பிரிந்துகிடக்கிறது. 1991க்குப் பிறகு வாரிசுகளுக்குள் பிரான் வளைகுடா யாருக்கு என்று புதுத் தகராறு. 2017இல் நடுவர் தீர்ப்பும் வந்துவிட்டது. ஸ்லோவேனியா ஏற்றுக்கொண்டது, குரோஷியா ஏற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அங்கே கூட்டிப்போவதாக மகன் சொல்லியிருக்கிறான். தீர்ப்பின் வரைபடத்தை அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.