வெட்டினால் ஒரு கோடு

எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த சேர் காலமான பிறகு வரும் முதல் பாடசாலை மலர் இது. உயர்தரத்தில் படித்த உனக்கு இன்றைக்கு என்ன சொல்வாய், ஓய்வுபெறப்போகும் உனக்கு என்ன சொல்வாய் என்று மலர்க்குழு கேட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதை நியமிப்பு மேசையிலேயே, அமிலத்தின் செறிவைக் காரம் விட்டு அளக்கும் அந்த மேசையிலேயே, சேர் சொல்லிவிட்டார்.

உயர்தரத்துத் தம்பி, பியூரெட்டை, அடியில் திறப்புள்ள அந்த அளவுக் குழாயை, தண்ணீரால் கழுவியதோடு விட்டுவிடாதே. உள்ளே விடப்போகும் சோடியம் ஐதரொட்சைட்டாலேயே இரண்டு தரம் அலசு; ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை ஐதாக்கி வாசிப்பைக் கூட்டிவிடும். குடுவைக்கு இது மாறி: காய்ச்சி வடித்த நீர் மட்டும். அதை அமிலத்தால் அலசினால், உறிஞ்சி அளக்கும் குழாயான பிப்பெட் அளந்த 25 மில்லிலீற்றருக்கு மேல் அமிலம் சேர்ந்துவிடும். புனலை எடுத்துவிட்டு வாசி. நுனியில் காற்றுக்குமிழி நின்றால் திறந்து வெளியேற்று. பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதாதே. நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடு. அந்த மிச்சம் நுனியிலேயே நிற்கும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சிய பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிடு, இறப்பர்ப் பந்து இருக்கிறது.

நிறம் காட்டும் பினோத்தலீன் இரண்டு துளி போதும். வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுப்புள்ளி. பிறகு நிறம் மங்கினால் பதறி இன்னும் விடாதே, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு செய்யும் வேலை அது.

பக்கத்து மேசை வாசிப்பைப் பார்த்து உன்னுடையதைத் திருத்தாதே. சேர் ஒவ்வொரு மேசை அமிலத்தையும் கொஞ்சம் வித்தியாசமாகக் கரைத்து வைத்திருப்பார், அது உனக்குத் தெரியாது. பென்சிலால் எழுதாதே. பிழைத்தால் ஒரே கோட்டால் வெட்டு, பழைய எண் வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் வாசிப்பு உத்தேசம். அடுத்த இரண்டும் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்துவரும்வரை செய். கொப்பியில் அவர் சிவப்பு மையால் வட்டம் போட்டது பிழையான எண்ணுக்கு அல்ல, சுரண்டி அழித்த இடத்துக்கு. இங்கே வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இதே விதியைப் பெரிய ஆவணமாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அவர் வாயால் சொல்லி, கொப்பியைப் பார்த்தே பழக்கிவிட்டார்.

அப்படிப் பழகிய கை ஊருக்குத் தேவைப்பட்ட காலத்தில் நாங்கள் பெரும்பாலும் ஊரில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலில் வெள்ளையாகப் படிவது அதுதான். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் அதே நீரில் இறங்குகிறது, கொதிக்கவைத்தாலும் போகாது. அளக்கத் தெரிந்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வேறு ஊர்த் தண்ணீரை அளந்தோம். இது எனக்கு வலிக்கிறது.

ஓய்வுபெறப்போகிறவனே, ஊருக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதே. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிள்ளைகளோடு நின்று நீரின் வன்மை, அதாவது அதில் கரைந்த கல்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று பார். 50 மில்லிலீற்றர் கிணற்று நீர், பி.எச். 10இல் நிலையாக வைத்திருக்க அமோனியாத் தாங்கற்கரைசல், நிறம் காட்ட எரியோகுரோம் பிளாக் ரி கொஞ்சம், பியூரெட்டில் அந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் 0.01 மோலார் ஈ.டி.ரி.ஏ. வைன் சிவப்பு மாறி, சிவப்புச் சாயலே இல்லாத நீலம் வரவேண்டும். கடைசித் துளிகளை மெதுவாக விடு, தாக்கம் அங்கே மந்தம். ஆனால் தாங்கற்கரைசல் விட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடி, பிந்தினால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகும். மில்லிலீற்றர் வாசிப்பை 20ஆல் பெருக்கினால், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்ட வன்மை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். 180க்கு மேல் போனால் மிகவும் வன்னீர். கிணற்றின் பெயரோடு மாதத்தையும் பிள்ளைகளை எழுதச் சொல். மாரியிலும் கோடையிலும் ஒரே கிணறு வேறு எண் தரும்.