அம்மோவை அடக்கம் செய்ய 700 கிலோமீட்டருக்கு மேல்

கிரீஸில் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை எங்களுடையது. அங்கே என்னோடு வேலை பார்த்த எகிப்தியப் பெரியவர் 2022 மார்ச்சில் மாரடைப்பில் இறந்துபோனார். எல்லோரும் அவரை 'அம்மோ' என்றுதான் கூப்பிடுவோம். அரபியில் சித்தப்பா. தமியெத்தா பக்கத்து மீனவர். மீன்பிடிப் படகு வேலைக்கு வந்து கிரீஸிலேயே தங்கிவிட்டவர். பேரப்பிள்ளைகள் இருக்கும் மண்ணிலேயே தன்னை வைக்கச் சொல்லியிருந்தார்.

பதிவு அலுவலகத்தில் இறப்பைப் பதிவது ஒரே காலையில் முடிந்தது. சிக்கல் அப்புறம்தான். நகராட்சி இடுகாட்டில் கேட்கலாமே என்றேன். அம்மோவின் மகன் வேண்டாம் என்றார். அங்கே குழி 3 வருஷத்துக்குத்தான். பிறகு தோண்டி எலும்பை எடுத்துவிடுவார்கள். இட நெருக்கடியால் கிரேக்கர்களுக்கும் அதே நிலைதான். ஆனால் அடக்கியவரைத் தோண்டுவதை முஸ்லிம்கள் எப்படித் தாங்குவார்கள்?

பட்டறைக்கு மேலே மலைப்பக்கம் ஸ்கிஸ்தோ இடுகாடு. அதில் முஸ்லிம்களுக்கு 20,000 சதுர மீட்டர் தருவதாகக் கிரேக்கத் திருச்சபை 2016-இல் அறிவித்தது. நாங்கள் விசாரித்தபோதும் அடக்கம் தொடங்கியிருக்கவில்லை. ஏதென்ஸின் வோட்டனிகோஸ் மசூதியில் தொழ வந்தவர்கள்தான் வழி சொன்னார்கள். அந்த மசூதியே 2020 நவம்பரில்தான் திறந்தது.

வழி என்றால் வடகிழக்கு கிரீஸின் திரேஸ் பகுதியில் இருக்கும் கொமோத்தினி. 1923-இல் லோசான் ஒப்பந்தப்படி கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது, அந்தப் பகுதி முஸ்லிம்களை இருக்கவிட்டார்கள். அதனால் முஸ்லிம்களின் இடுகாடான மையவாடி அங்கே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், ஏற்கெனவே அங்கே போய்வந்த வண்டிக்காரரையே பிடியுங்கள், தாள்களை நாலு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ரொம்ப உதவியது.

பிணவறையில் ஒதுக்கிய இடத்தில் குளிப்பாட்டினார்கள். அம்மோவின் நகக்கண்ணில் கப்பலடிச் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. மகன் அதை ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்தார். கஃபன் என்ற சவத்துணி சுற்றி, இரவே கிளம்பினோம்.

கொமோத்தினியில் முன்பின் தெரியாத உள்ளூர்ப் பெரியவர்கள் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு வந்து நின்றார்கள். அவர்கள் பேசியது துருக்கி மொழி. மகனுக்கு ஒரு வார்த்தை புரியாது. தொழுகையின் அரபு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. வலப்பக்கம் சாய்த்து, மக்கா இருக்கும் திசையான கிப்லா பார்த்து வைத்தோம்.

திரும்பும் முன் மகன் பஸ் நிலையத்தில் இறங்கி, ஏதென்ஸிலிருந்து வரும் வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டார். பெருநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டுமாம்.