ராமநாதபுரத்துப் பிள்ளைகளும் மனநல மருத்துவமும்

மனநலம் என்ற பேச்சில் ராமநாதபுரம் மாவட்டம் அடிபட்டால், வெளியூர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, மனநோய் தீருமென்று நம்பிப் பலர் நாடிவரும் தர்கா உள்ள ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அதன் பிறகு நீதிமன்றம் தலையிட்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அரசு மனநல மருத்துவமும் தர்காவைத் தேடி வந்தது. ஆயினும், சொல்பேச்சுக் கேளாத பிள்ளையை "உன்னை ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோகணும்" என்று அதட்டும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. உறக்கம் கெட்டு, படிப்பில் மனம் ஒட்டாமல், சாப்பாட்டைக்கூட வெறுக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அதையெல்லாம் மறைத்துத் தலைவலி, வயிற்றுவலி என்று மட்டும் சொல்வதற்கு இந்த அதட்டலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டையும் உள்ளடக்கி 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இது ஏழு பேர்.

இவர்களுக்கு உதவி எதுவுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1996இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்படி, மனநல மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் கொண்ட குழு, வட்டார அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சென்று நோயாளிகளைப் பார்க்கிறது, மாத்திரையும் இலவசம். சிக்கல் அந்த நாளிலும் நேரத்திலும்தான் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குகிறது. பள்ளியும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்து மாணவி ஒருத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால், பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்து, காரணம் கேட்கும் ஆசிரியருக்குப் பதில் சொல்லி, கூலி வேலையை விட்டுவரும் தாயோடு பேருந்தேறி, மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் நிற்க வேண்டும். சிற்றூரில் கடைசியாகச் சொன்னது நடக்கிற காரியமில்லை. தகப்பன் வளைகுடா நாட்டில் இருக்கும் வீடுகளில் இந்த முடிவுகள் அனைத்தும் தாயின் தலையில் மட்டுமே விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2022 அக்டோபரில் வந்த, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் 14416 என்ற இலவச எண் இந்தத் தடைகளில் பலவற்றைத் தாண்ட உதவுகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே அறை, கைப்பேசியும் ஒன்றுதான் என்றால், தாய்க்கும் தம்பிக்கும் கேட்காமல் எங்கே போய்ப் பேசுவது? மேலும், தொலைபேசியில் ஆறுதல் பெற்ற பிள்ளைக்கு நேரில் சிகிச்சை தேவைப்பட்டால், மீண்டும் அதே காலை வரிசைக்குத்தான் வந்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. கோப்பிலுள்ள ரகசியத்தைச் சட்டம் காக்கலாம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எதிர்ப்படும் சித்தப்பாவுக்கு அது பொருந்தாது.

சிகிச்சை என்ற பெயரில்லாத உதவிகளையும் நான் இதே கணக்கில் சேர்ப்பேன். பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் துணைத்தேர்வு எழுத முடிவதும், 2017இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டதும், எத்தனையோ பிள்ளைகளுக்கு மருத்துவரிடம் போகும் தேவையையே குறைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

மருத்துவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, அதற்குக் காலமாகும். அதுவரை, மாவட்ட மனநலக் குழு வாரத்தில் ஒரு நாளேனும் பள்ளி விட்ட பிறகு, மாலை நான்கு மணிக்கு மேல், கடலாடியிலோ முதுகுளத்தூரிலோ இளையோரை மட்டும் பார்க்கலாம். அதையும் மனநலம் என்று தனிப் பலகை மாட்டிய அறையில் வைக்காமல், காய்ச்சலுக்கும் கண் பரிசோதனைக்கும் பிள்ளைகள் வந்துபோகும் பொது அறையிலேயே நடத்தலாம். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பணிநேரத்தை மாற்றும் ஓர் ஆணையும், இருட்டிய பிறகு பிள்ளைகள் வீடு திரும்ப ஒரு பேருந்தும் இருந்தால் போதும்.