பூங்கோரை வந்த நாட்கள்

செப்டம்பர் 9

காலையில் பாம்பன் தீவில் குந்துகால் பக்கம் போனேன். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சையாகக் கிடந்தது. வழக்கமான கடல்பச்சை இல்லை. மருதாணி அரைத்த அம்மியைக் கழுவி ஊற்றியது மாதிரி. அலை மடங்கும்போது நுரைகூட வெள்ளையாக வரவில்லை. நண்டு வலையோடு கரையேறிய மாமா, "பூங்கோரை வந்துடுச்சு மாப்ள. ஒரு வாரத்துக்கு உனக்குக் கணக்கு எழுதுற வேலை இருக்காது" என்றார். மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செப்டம்பர் 10

ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டு வந்து மேசைமேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் பச்சை எல்லாம் மேலே ஏறி, கழுத்தருகே ஒரு பட்டையாக நின்றது. கீழே தெளிந்த தண்ணீர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு உருண்டைகள், கண்ணுக்கே தெரிகின்றன. பூங்கோரை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்; அறிவியலில் நாக்டிலூகா என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரே செல். இதைப் பாசி என்கிறோம், ஆனால் இது தன்னைவிடச் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும். பச்சை நிறம் அதனுடையது இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. உடம்பில் அம்மோனியா சேர்த்து வைத்திருப்பதால் மிதக்கிறது.

செப்டம்பர் 11

ஓரா, களவா, விலாங்கு என்று மீன்கள் எல்லாம் செத்து ஒதுங்கியிருக்கின்றன. விலாங்கு கரையில் செத்துக்கிடப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கடலடிப் பவளப்பார் இடுக்கை விட்டு அவ்வளவு எளிதில் வெளியே வராத மீன் அது. பூங்கோரை செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஓடித் தப்புகிற மீன் தப்பிவிடும், பாரோடு கிடப்பவை எங்கே போகும்? பவளம் நகரவே முடியாது. 2019-இல் இதே பூங்கோரை வந்தபோது மண்டபத்துக்குப் பக்கத்துச் சிங்கில் தீவில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, வேகமாக வளரும் பவளங்கள் செத்தன.

இதில் இன்னொரு கூத்து: பச்சை வராத வடகடலில், பாக் விரிகுடாவில், உயிரோடு பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை. ஒதுங்கிய மீனைத் தின்னாதே என்றால் சரி. நல்ல மீன் என்ன பாவம் செய்தது?

செப்டம்பர் 12

ராத்திரி வத்தையை, எங்கள் சின்னப் படகை, தள்ளினால் துடுப்பு பட்ட இடமெல்லாம் நீல வெளிச்சம். வெளியூர்ப் பையன்கள் செல்போனோடு வந்துவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 14

மாமாவோடு வாக்குவாதம். சாக்கடையும் உரமும்தான் பூங்கோரைக்குத் தீனி என்று ஆரம்பித்தேன். "இங்க மழையே பெய்யல. எந்த வயல்ல இருந்து உரம் கரைஞ்சு வந்துச்சு? கச்சான் காத்தடிக்கிற காலத்துல எங்கப்பா காலத்துலயும் வந்துருக்கு" என்றார். பாதி நியாயம்தான். தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடல் குளிர்நீர் சத்தோடு மேலே வரும், நீவாடு என்கிற கடல் நீரோட்டம் அதை நகர்த்தும். அந்தச் சத்தில் முதலில் நுண்பாசி பெருகும், பிறகு அதைத் தின்ன இது வரும். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதேபோல் மீன்கள் செத்தன.

ஆனால் சாக்கடைக்கு மழை வேண்டாமே, மாமா! நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் தினமும்தான் போகின்றன. இறால் பண்ணைத் தண்ணீரும் அப்படியே. இதைச் சொன்னதும் அவர் பதில் பேசாமல் எங்கள் கம்பெனிப் பின்பக்கம் கையைக் காட்டினார். மீன் கழுவிய தண்ணீர், ரத்தம், செதில் எல்லாம் ஒரு நாலங்குலக் குழாய் வழியாக நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக அந்தக் குழாயைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போகிறேன்.

செப்டம்பர் 16

குழாய் பற்றி முதலாளியிடம் பேசினேன். "கடல் எவ்வளவு பெருசு!" என்றார். அப்புறம் ஐஸ் பாக்கியைப் பற்றிக் கேட்டார்.

செப்டம்பர் 21

காற்று மாறிவிட்டது, பச்சை கலைந்துவிட்டது. மாமாவுக்கு இன்று நண்டு மூன்று கிலோ. சித்தி ஆட்கள் கடல்பாசி பறிக்கப் போய்விட்டு, அடியில் பாரெல்லாம் அழுக்குப் படிந்து கிடக்கிறது என்று சொன்னார்கள்.

மேசைமேல் இருந்த பாட்டிலைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கிற நாற்றம். கை தானாகவே பின்பக்கச் சாக்கடைக்குப் போயிற்று. திரும்பி வந்து தென்னங்கன்றுக்கு ஊற்றினேன்.