கடுக்காய்க் காரைக்குப் பேப்பர் தேடிய கதை

செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சுவர்கள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வுப் பேப்பர்கள்தான் வேதியியல், கட்டடப் பொறியியல், மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்று திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. வெறும் சொற்களைப் போட்டுத் தேடினால் பாதி சிமெண்ட்டில் போய் நிற்கும். அப்படித்தான் ஏஐ தேடலுக்கு வந்தேன்.

இதில் கேள்வியாகவே கேட்க வேண்டும். கானாடுகாத்தான் கொத்தனார் ஒருவர், "கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேராம காரை நிக்காதும்மா" என்றார். சரி, அவர் சொன்னதையே கேள்வியாக்கினேன்: இவை இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்புக் காரையின் வலிமையும் நீர் புகும் தன்மையும் எப்படி மாறும்? ஆங்கிலத்தில்தான் கேட்டேன், கடுக்காயின் தாவரவியல் பெயரோடு. தென்னிந்தியப் பழங்கட்டட ஆய்வுகள் வந்தன. கூடவே சீனாவில் பசையரிசிக் கஞ்சி கலந்த காரை பற்றிய ஆய்வுகளும் வந்தன. அந்தப் பக்கம் நானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

நல்ல பேப்பர் ஒன்று சிக்கியதும் செமாண்டிக் ஸ்காலருக்குப் போவேன். ஆலன் ஏஐ ஆய்வு நிறுவனம் 2015இல் தொடங்கிய, ஆய்வுப் பேப்பர்களைத் தேடும் இலவசத் தளம். அந்தப் பேப்பர் யாரை மேற்கோள் காட்டியது, அதை யார் காட்டினார்கள் என்று முன்னும் பின்னும் நூல் பிடித்துப் போகலாம். எனக்கு உருப்படியானவை பெரும்பாலும் இப்படிக் கிடைத்தவைதான்.

ஆனால் ஏஐ போட்டுத் தரும் அட்டவணையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடாதீர்கள். ஒரு கருவி அமுக்க வலிமைக்கு எண்களை வரிசையாகக் கொடுத்தது; காரையை எத்தனை நாள் இறுகவிட்டுச் சோதித்தார்கள் என்பதை விட்டுவிட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். 28 நாள் எண்ணையும் 90 நாள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடுக்காய்க்கு இல்லாத பெருமை வந்து சேரும்! மூலப் பேப்பரின் சோதனைமுறைப் பகுதியைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

இன்னொரு அரட்டைக் கருவி தலைப்பு, இதழ், ஆண்டு என எல்லாம் கச்சிதமாக ஒரு பேப்பரைக் காட்டியது. அதன் டிஓஐ எண்ணை, அதாவது பேப்பருக்கென்று இருக்கும் நிலையான அடையாள எண்ணை, டிஓஐ தளத்தில் போட்டால் அப்படி ஒன்றே இல்லை. அப்புறம் அந்த எண் திறக்காத எதையும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

முழுப் பேப்பருக்குப் பணம் கேட்டால் மிரள வேண்டாம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரைக் கேளுங்கள்.

நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் மட்டும் என் ஏஐ தேடல்களில் தலைகாட்டவே இல்லை. அவற்றுக்கு சோத்கங்கா தளத்தில் தனியாக உட்கார வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் பிரிந்து கிடக்கும், பொறுமையாக இறக்கிக்கொள்ளுங்கள்.